மார்க் இருந்தது, கடிதம் இருந்தது, இடம் கிடைக்கவில்லை: ஒரு ஆர்இஐ விண்ணப்பத்தின் இரண்டு சுற்றுகள்

2022ல், கருத்தரிப்பு மருத்துவச் சிறப்புப் பயிற்சிக்கான (ஆர்இஐ) எங்கள் தேர்வுக் குழுவுக்கு வந்த ஒரு விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, நேர்காணலுக்கு "அழைக்க வேண்டாம்" என்ற பக்கம் நகர்த்தினேன். அந்த டாக்டர் இன்று ஆர்இஐ ஃபெல்லோ. இடையில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதங்களில் இருந்த வரிகளை இங்கே தரமாட்டேன், அவை ரகசியம்.

முதலில் இந்த இடம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மகப்பேறு, மகளிர் மருத்துவ ரெசிடென்சி, அதாவது முதுநிலைப் பயிற்சி, 4 ஆண்டு. அதற்கு மேல் கருத்தரிப்பு மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி வேண்டுமென்றால் இன்னும் 3 ஆண்டு. இதைத்தான் ஆர்இஐ ஃபெல்லோஷிப் என்கிறோம், இனப்பெருக்க நாளமில்லாச் சுரப்பியியலும் குழந்தையின்மை மருத்துவமும் சேர்ந்தது. நாடு முழுக்கச் சுமார் 50 திட்டங்கள், அவற்றில் பல ஆண்டுக்கு ஒரே ஒருவரைத்தான் எடுக்கும். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ரெசிடென்சி முடித்து வெளியே வரும் துறையில் இது எவ்வளவு குறுகிய வாசல் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இதே படிப்புக்குப் போகும் வழி வேறு. எம்.சிஎச் பட்டம் என்றால் நீட் எஸ்.எஸ். தேர்வு, தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. என்றால் அதற்கென்று ஒரு நுழைவுத் தேர்வு. மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு, முடிந்தது. அதில் வளர்ந்தவர்கள் இங்கே வந்தும் அதே கணக்கைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். அவளும் அப்படித்தான் இருந்தாள்.

முதல் சுற்று

தமிழ்நாட்டில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். திருமணமாகி அமெரிக்கா வந்து, அங்கே மருத்துவராக உரிமம் பெறுவதற்கான யுஎஸ்எம்எல்இ தேர்வுகளை எழுதி, ஒரு நடுத்தர ஊரின் சமூக மருத்துவமனையில் ரெசிடென்சி. வேலையில் கெட்டிக்காரி. தேர்வுகளில் அவளுடைய மதிப்பெண்கள் நாங்கள் அழைத்துப் பேசிய பலரைவிட மேலே இருந்தன. பிரசுரங்கள் என்று ஏழு வரிகள், அதில் ஐந்து தனி நோயாளி அறிக்கைகள், மற்ற இரண்டில் நடுவில் எங்கோ அவள் பெயர். நான்கு பரிந்துரைக் கடிதங்கள், நான்கும் பொது மகப்பேறு மருத்துவர்களிடமிருந்து. அவள் மருத்துவமனையில் ஆர்இஐ பிரிவே கிடையாது. வேறொரு பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் எலெக்டிவ் (விருப்பப் பயிற்சி) போயிருந்தாள், ஆனால் விண்ணப்பம் அனுப்பிய பிறகு போயிருந்தாள். அதனால் அங்கிருந்து கடிதம் வரவில்லை.

பெர்சனல் ஸ்டேட்மென்ட், அதாவது ஏன் இந்தத் துறை என்று விண்ணப்பதாரரே எழுதும் கடிதம், சித்தி ஒருவரின் குழந்தையின்மையில் தொடங்கியது. அந்த வலி உண்மையானது என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் மேஜைக்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி அக்காவிலோ சித்தியிலோ தோழியிலோதான் தொடங்குகிறது, இருபதாவது கடிதத்தில் படிக்கிறவரின் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவிவிடும். அடுத்த பத்தியில் "இந்தத் துறையின் அறிவியலும் மனிதத்தன்மையும் என்னை ஈர்த்தன" என்று இருந்தது. எந்த அறிவியல் என்று கடைசிவரை இல்லை.

ஏறக்குறைய எல்லாத் திட்டங்களுக்கும் விண்ணப்பித்தாள், மூன்று இடங்களில் நேர்காணல் கிடைத்தது. அக்டோபரில் மேட்ச் முடிவு (இரு தரப்பின் விருப்பப் பட்டியல்களையும் கணினி பொருத்தி இடம் ஒதுக்கும் முறை) வந்தபோது இடம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அழைக்காத திட்டங்கள் எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறாள் போல. "எதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் போதும்" என்று கேட்டிருந்தாள். பெரும்பாலான திட்டங்கள் இதற்குப் பதில் போடுவதில்லை, சட்டச் சிக்கல் பயம் ஒரு காரணம், நேரமின்மை இன்னொன்று. நான் போனில் கூப்பிட்டேன். தமிழ் என்று தெரிந்ததும் ஐந்து நிமிடத்தில் "டாக்டர்" போய் "அக்கா" ஆகிவிட்டது.

"அக்கா, மார்க்ல எங்கயும் குறை இல்லையே?"

"இல்லம்மா. உன் ஃபைல்ல குறைன்னு எதுவுமே இல்ல. ஆனா மூணு வருஷம் ஆய்வு பண்ணி முடிப்பேன்னு காட்டுற ஒரு விஷயமும் அதுல இல்ல."

அவள் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் பேனா எடுக்கும் சத்தம் கேட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன்

இதை விளக்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் விண்ணப்பிக்கும் பலருக்கு இது புரியாமலே போகிறது. ஆர்இஐ 3 ஆண்டில் குறைந்தது 12 மாதம் ஆய்வுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். சிறப்புச் சான்றிதழ் வாங்க ஓர் ஆய்வேடு எழுதி முடித்திருக்க வேண்டும், வாய்மொழித் தேர்வில் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். இந்தத் துறையே ஆய்வகத்திலிருந்து வந்தது. 1978ல் இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய் (ஐவிஎஃப்) குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தபோது எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையைத்தான் எடுத்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஓய்வுபெற்று வர்ஜீனியாவின் நார்ஃபோக்குக்குப் போன ஜார்ஜியானா ஜோன்ஸும் ஹோவர்ட் ஜோன்ஸும் முதலில் அந்த வழியில் முயன்று பார்த்து, பிறகு ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளை வளர்க்கும் முறைக்கு மாறிய பின்தான் 1981 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் ஐவிஎஃப் குழந்தை பிறந்தது. ஓய்வுபெறும் வயதில் புதிதாகத் தொடங்கி, தோற்று, முறையை மாற்றி, மறுபடி செய்தார்கள். அந்தக் குணத்தைத்தான் இன்றும் திட்டங்கள் தேடுகின்றன என்று நான் நம்புகிறேன்.

ஒரு சின்னத் திட்டத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆண்டுக்கு ஒரு ஃபெல்லோ. அவர் ஆய்வை முடிக்கவில்லை என்றால் அந்த ஆண்டுக்கான ஒரே இடம் வீண், வழிகாட்டியின் உழைப்பு வீண், திட்டத்தின் அங்கீகாரப் பரிசீலனையிலும் கேள்வி வரும். அதனால் கோப்பைத் திறந்ததும் கண் தேடுவது ஒன்றைத்தான்: இந்த ஆள் தானாக ஒரு கேள்வியைப் பிடித்து, தலைவலியெல்லாம் தாண்டி, கடைசிவரை கொண்டுபோனதுண்டா, அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் யாராவது சொல்கிறாரா? மதிப்பெண் இதற்குப் பதில் சொல்லாது. யுஎஸ்எம்எல்இ முதல் படி 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் ஆகிவிட்ட பிறகு இன்னும் சொல்லாது. ஐந்து தனி நோயாளி அறிக்கைகளும் சொல்லாது, அவை எழுதப் பழக நல்லவை, அவ்வளவுதான்.

கடிதத்துக்கும் இதே கதைதான். ஆர்இஐ மருத்துவர்களின் உலகம் மிகச் சிறியது, ஆண்டுக் கூட்டத்தில் ஒரே காபி வரிசையில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் "இவளை ஒரு வருடம் பார்த்தேன், எனக்கே இவள் வேண்டும்" என்று எழுதினால் அதன் எடை வேறு. முன்பின் அறியாத ஒருவர் "கடின உழைப்பாளி, நோயாளிகளுக்குப் பிடித்தவள்" என்று எழுதுவது பொய் இல்லை, ஆனால் எல்லாருக்கும் எழுதப்படுவது.

இது நியாயமா என்றால், முழுக்க நியாயம் இல்லை. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் ரெசிடென்டாக இருப்பவருக்கு ஆர்இஐ பேராசிரியர் நடைபாதையிலேயே கிடைக்கிறார். சமூக மருத்துவமனையில் இருப்பவர் வண்டி ஓட்டிக்கொண்டு தேடிப்போக வேண்டும். அதே திறமை, இரண்டு விதமான தூரம். எங்கள் குழுவில் நான் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டு ஆண்டு

அவள் எடுத்த முதல் நல்ல முடிவு, 2023 சுற்றில் விண்ணப்பிக்காமல் இருந்தது. தோற்ற சூட்டில் அதே கோப்பை அடுத்த ஆண்டும் அனுப்புகிறவர்கள் நிறைய. சில மாதங்களில் என்ன மாறிவிடும்? ரெசிடென்சி முடித்து பக்கத்து ஊரில் பொது மகப்பேறு மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தாள்.

இங்கே விசா பற்றி ஒரு விஷயம். அவளுக்குக் கணவர் வழியில் கிரீன் கார்டு இருந்தது. பயிற்சிக்கான ஜே-1 விசாவில் வரும் டாக்டர்களுக்கு இந்த வழி இவ்வளவு எளிதல்ல. பயிற்சிக்கு மொத்தம் 7 ஆண்டுதான் உச்சவரம்பு, ரெசிடென்சி 4, ஃபெல்லோஷிப் 3, கணக்கு சரியாக 7. நடுவில் நின்று பொது மருத்துவராக வேலை பார்க்க வேண்டுமென்றால், இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனைக்கு விலக்கு வாங்க வேண்டும், விலக்கு வாங்கினால் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் 3 ஆண்டு கட்டாயம், அதன் பிறகு ஜே-1ல் திரும்ப முடியாது, எச்-1பி என்ற வேலை விசா கொடுக்கும் திட்டங்களை மட்டுமே தேட வேண்டும். ஜே-1ல் இருப்பவர்கள் முதல் முறையே சரியாக விண்ணப்பிப்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரியும். ரெசிடென்சி முதல் ஆண்டிலேயே ஆரம்பியுங்கள், மூன்றாம் ஆண்டில் அல்ல.

சரி, அவள் கதைக்கு வருவோம். நான் "ஒரு கேள்வியைக் கண்டுபிடி" என்று சொன்னதும் முதல் மாதம் அவள் கொண்டுவந்தவை எல்லாம் பெரிய பெரிய கேள்விகள், கருவின் மரபணுச் சோதனை, செயற்கை நுண்ணறிவு என்று. "உன் கிளினிக்கில் கரு எங்கே இருக்கு?" என்று கேட்டேன். அவளிடம் இருந்தது நோயாளிகளின் பழைய பதிவுகள் மட்டும்.

அந்தப் பதிவுகளில்தான் கேள்வி இருந்தது. குழந்தையில்லை என்று வரும் தம்பதிகளில் பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வலிக்க வலிக்கக் கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எடுத்திருப்பார்கள், கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை எழுதியிருக்க மாட்டார்கள். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கும் என்பது மாணவர்களுக்கே தெரிந்த பாடம். பிறகு ஏன் எழுதுவதில்லை? எத்தனை பேருக்கு எழுதவில்லை? எழுதாததால் எத்தனை மாதம் போனது? 35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருடம் முயன்ற பிறகு, 35 தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே பரிசோதனை தொடங்க வேண்டும் என்று வழிகாட்டுதல் இருப்பதே நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தானே. நேரத்தைப் பற்றிய கேள்வி இது, அவள் தினமும் கண்ணால் பார்ப்பது, யாரும் அவளுக்குக் கொடுத்ததல்ல.

அதை முடிக்க அவள் பட்டது கொஞ்சமல்ல. நெறிமுறைக் குழு அனுமதிக்கே நான்கு மாதம் ஆனது. சில நூறு பதிவுகளை இரவுப் பணி முடிந்த காலைகளில் ஒவ்வொன்றாகத் திறந்து அட்டவணையில் ஏற்றினாள். பாதியில், "பரிசோதனை எழுதிய தேதி" என்று அவள் குறித்து வந்தது உண்மையில் பதிவேற்றிய தேதி என்று தெரிந்தது, முதலிலிருந்து தொடங்கினாள். அந்த இரவு அழுதுகொண்டே போன் செய்தாள். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, "நாளைக்குப் பத்துப் பதிவு மட்டும் திற" என்றேன். திறந்தாள். கடைசியில் ஒரு புள்ளியியல் நிபுணருடன் உட்கார்ந்து கணக்கைத் தானே போடக் கற்றுக்கொண்டாள். 2023 அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் (ஏஎஸ்ஆர்எம்) மாநாட்டில் போஸ்டர். கட்டுரையைப் பெரிய இதழ் ஒன்று திருப்பி அனுப்பியது, விமர்சனங்களைத் திருத்தி இன்னொரு இதழுக்கு அனுப்பி, 2024 வசந்தத்தில் ஏற்கப்பட்டது. அவள் பெயர் முதலில். ஒரே கட்டுரைதான், ஆனால் முதல் வரியிலிருந்து கடைசிவரை அவளுடையது.

இரண்டாவது காரியம் வெள்ளிக்கிழமைகள். ஒன்றரை மணி நேர தூரத்தில் இருந்த பல்கலைக்கழகத்தின் ஆர்இஐ பேராசிரியர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, வாரத்தில் ஒரு நாள் சம்பளமில்லாமல் போய் நின்றாள். முட்டை சேகரிப்பு பார்த்தாள், கரு ஆய்வகத்தில் கருவியலாளர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டாள், நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்லும் அறையில் மூலையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டிக்கழித்தால் ஒரு வருடம். அந்தப் பேராசிரியர்தான் அவள் ஆய்வின் கட்டமைப்பில் இருந்த ஓட்டையைக் காட்டியவர், பிறகு அவளுக்குக் கடிதம் எழுதியவர், இரண்டு திட்டங்களுக்குத் தானாகவே போன் செய்து பேசியவர். நான் எழுதியதையும் சேர்த்து ஆர்இஐ மருத்துவர்களிடமிருந்து இரண்டு கடிதம், மூன்றாவது அவள் ரெசிடென்சி இயக்குநரிடமிருந்து. எங்கள் திட்டத்துக்கு அவள் விண்ணப்பித்தபோது நான் தேர்விலிருந்து விலகிக்கொண்டேன்.

வாரம் ஒரு நாள் சம்பளத்தை விட முடிந்தது வீட்டில் இன்னொரு வருமானம் இருந்ததால்தான், இதை அவளே எழுதச் சொன்னாள். தனி ஆளாக மருத்துவக் கல்விக் கடனை அடைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இதைச் செய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவர்களுக்கு ரெசிடென்சிக் காலத்திலேயே எலெக்டிவ் மாதத்தை முன்கூட்டி வாங்குவதுதான் வழி, விண்ணப்பத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னால்.

பெர்சனல் ஸ்டேட்மென்டை ஐந்து முறை எழுதினாள். கடைசி வடிவத்தில் சித்தி இல்லை. "நான் அந்த மாதம் பார்த்த ஒரு பெண்ணுக்கு மூன்று பரிசோதனைகள் முடிந்திருந்தன, அவருடைய கணவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை" என்று தொடங்கி, கேள்வி, அதை எப்படித் தேடினாள், எதில் தப்பு செய்தாள், அடுத்து எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று போனது. 2022ல் இடம் கிடைக்காததையும் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தாள். அதை மறைக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். நான் மறைக்காதே என்றேன். இரண்டு வருட இடைவெளி கோப்பில் தெரியத்தான் போகிறது.

நேர்காணலும் பட்டியலும்

2024ல் பதினொரு நேர்காணல். கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலும் திரையில்தான் நடக்கிறது. ஒத்திகைக்கு நான் ஐந்து முறை உட்கார்ந்தேன். முதல் ஒத்திகையில் மனப்பாடம் செய்த பதில்கள், பள்ளிக்கூட ஒப்பித்தல் மாதிரி. "உன் ஆய்வில் எது பலவீனம்?" என்று கேட்டதும் முகம் மாறியது, ஏதோ குற்றம் சாட்டப்பட்டது போலத் தற்காத்துப் பேசினாள். அதுதான் மாற வேண்டியிருந்தது. மூன்றாவது ஒத்திகையில் "ஒரே கிளினிக், பழைய பதிவுகள், கணவர் வேறெங்கோ பரிசோதித்திருந்தால் என் பதிவில் வராது" என்று தானாகவே சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

உண்மையான நேர்காணல்களில் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை மூன்று. தீசிஸ், அதாவது ஆய்வேடு, எதில் செய்ய விருப்பம், இங்கே அதற்கு யாருடன் வேலை செய்வாய் (அந்தத் திட்டத்தின் பேராசிரியர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போனாளா என்பதற்கான சோதனை இது). ஆய்வில் எது தப்பாகப் போனது. மூன்றாவது, அலபாமா. 2024 பிப்ரவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம் உறைநிலையில் இருக்கும் கருக்களையும் குழந்தைகளாகக் கருத வேண்டும் என்று தீர்ப்பளித்து, அங்கே சில மையங்கள் ஐவிஎஃப்பை நிறுத்திவைத்து, மார்ச்சில் மாநிலம் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. "நாளைக்கு ஊசி போட்டு முடித்து முட்டை எடுக்க வேண்டிய நோயாளியிடம், இன்று நிறுத்திவிட்டோம் என்று எப்படிச் சொல்வாய்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவள் அரசியல் பேசவில்லை. முதலில் மருந்துகளை என்ன செய்வது, சுழற்சியை எப்படிப் பாதுகாப்பாக முடிப்பது, வேறு மாநிலத்தில் எந்த மையம் அந்த வாரமே எடுத்துக்கொள்ளும் என்று போன் போடுவேன், அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நோயாளி முன்னால் உட்காருவேன் என்று சொன்னாளாம். வெள்ளிக்கிழமை அறைகளின் மூலையில் கற்றது அது.

அப்புறம் ரேங்க் லிஸ்ட், விரும்பும் திட்டங்களை வரிசைப்படுத்தித் தரும் பட்டியல். இதில் நல்ல டாக்டர்களே குழம்புகிறார்கள். "எனக்குக் கிடைக்காத இடத்தை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகுமா?" என்று அவளும் கேட்டாள். ஆகாது. மேட்ச் கணக்குமுறை விண்ணப்பதாரர் பக்கமிருந்து முன்மொழியும் வகை, அதாவது உங்கள் விருப்ப வரிசையிலிருந்துதான் தொடங்கும், 1990களின் இறுதியில் ஆல்வின் ராத் திருத்தியமைத்தது, இத்தகைய பொருத்தங்கள் பற்றிய பணிக்குத்தான் 2012ல் அவருக்கு லாயிட் ஷேப்லியுடன் பொருளாதார நோபல். உங்கள் முதல் விருப்பம் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது இடத்தில் உங்கள் வாய்ப்பு கொஞ்சமும் குறையாது. ஆகவே மனதில் இருக்கும் வரிசையை அப்படியே போட வேண்டும். ஒருபோதும் போகவே மாட்டேன் என்ற இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போட வேண்டும், ஏனென்றால் முடிவு இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும். "எங்களை எத்தனையாவதாகப் போடுவாய்" என்று எந்தத் திட்டமும் கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை.

இதில் எது அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்று நேர்காணல் பதினொன்றானதற்கு ஆய்வும் அந்தப் பேராசிரியரின் கடிதமும் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அழைத்தவர்களில் இரண்டு பேர் பின்னர் என்னிடமே அந்தப் போஸ்டரைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் நேர்காணலில் அவள் நிதானமாக இருந்ததற்கு ரெசிடென்சிக்குப் பிறகு தனியாகப் பிரசவ அறையை நடத்தியது காரணமாக இருக்கலாம், அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. கிரீன் கார்டும் ஒரு காரணம்தான், விசா கேள்வி உள்ள கோப்புகளை ஒதுக்கிவிடும் திட்டங்கள் உண்டு. அதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

முடிவு அக்டோபரில் கிழக்கு நேரம் பகல் 12 மணிக்கு வந்தது. நான் என் மேஜையில் போனைப் பார்த்தபடி இருந்தேன், ஒரு மணி, ஒன்றரை, எதுவும் வரவில்லை, மறுபடியும் கிடைக்கவில்லை என்றே முடிவு செய்துவிட்டேன். இரண்டே காலுக்கு அழைத்தாள். அவசர சிசேரியன் ஒன்றில் இருந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் நலம் என்று முதலில் அதைச் சொன்னாள். பிறகுதான் மின்னஞ்சலைத் திறந்தாள், நான் போனில் இருக்கும்போதே. பட்டியலில் அவள் நான்காவதாகப் போட்டிருந்த இடம்.

"அக்கா, நாலாவதுதான்," என்றாள், குரல் உடைந்தது. எனக்கும் உடைந்தது.

2025 ஜூலையில் சேர்ந்தாள். தீசிஸுக்கு அதே கேள்வியின் அடுத்த பாதியை எடுத்திருக்கிறாள்: பரிசோதனை எழுதிக் கொடுத்தும் செய்யாமல் போகும் கணவர்கள்.